கறவைக்காரன் வண்டி

மானாம்பதிப் பக்கம் பாண்டுரங்கன் என்ற பேரில் நாலைந்து பேர் உண்டு. கறவைக்காரப் பாண்டுரங்கன் என்று கேட்டால்தான் இவன் வீட்டைக் காட்டுவார்கள். எல்லப்பனுடைய மூத்த தாரத்து மகன் இவன். எல்லப்பன் வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினவர். இளைய தாரம் வந்த வருஷமே மூத்தவளையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு அங்கேயே தங்கிப்போனார். மூத்தவள் நாலு வீட்டில் மாடு கறந்துதான் இவனை ஆளாக்கினாள். ஆகவே கறவை இவனுக்கு அப்பன் வழியில் வந்ததல்ல, அம்மா வழியில் வந்தது.

மாடு வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் கறக்கத் தெரியும், பின்னே கறவைக்காரன் எதற்கு என்று கேட்பீர்கள். கன்று இருக்கிற மாட்டுக்கு அவன் வேண்டியதில்லை. கன்றை அவிழ்த்துவிட்டால் அது முட்டி முட்டி ஊட்டும், மாடு சுரப்பு விடும், யார் உட்கார்ந்தாலும் பால் இறங்கும். கன்று செத்துப்போன மாடு அப்படி அல்ல. மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் அடக்கி நிற்கும். முன்னாளில் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தி ஏய்த்தார்கள். இப்போது சிலர் திருட்டுத்தனமாக ஊசி போடுகிறார்கள். பாண்டுரங்கனுக்கு இரண்டும் தேவைப்பட்டதில்லை. வந்து வண்டியை நிறுத்துவான், மாட்டின் பின்னங்காலைக் கட்டுவான், விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு காம்பைத் தொடுவான். அவ்வளவுதான், சொம்பில் நுரை கட்டும். அவன் கை ராசியான கை என்று சுற்றுவட்டம் முழுக்கப் பேச்சு. கன்று இல்லாத மாடு நிற்கிற ஆறு வீட்டில் அவனுக்குக் காலையும் மாலையும் கறவை இருந்தது.

அந்தக் கை போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு அது தெரியாது.

முதலில் இரண்டு கை விரலிலும் எறும்பு ஊறுவதுபோல இருந்தது. பிறகு கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போயின. சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, கை குழிந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினான். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், ஆபரேஷன் பண்ணினாலும் வற்றிய சதை திரும்புமா என்று சொல்வதற்கில்லை, முதலில் கறவையை நிறுத்துங்கள் என்றார். அவன் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து, மனைவி பாஞ்சாலியிடம் "சத்து கம்மியாம்" என்றான். மறுநாளிலிருந்து அவன் சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட ஆரம்பித்தாள்.

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு எப்படிக் கறந்தான்? கறக்கவே வேண்டியிருக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் உட்காரும்போதே மடி விம்மி நிற்கும். காம்பில் சொட்டுச் சொட்டாகப் பால் தானே வடியும். விரலை ஒப்புக்கு வைத்தாலே போதும், மாடே தள்ளிவிடும். விரல் செத்தாலும் ராசி சாகவில்லை என்று அவன் நம்பினான். ஆபரேஷனுக்குப் போகாததற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம். மூன்று மாசம் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தால் ஆறு வீடும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் மண்வெட்டிகூடப் பிடிக்க முடியாத ஐம்பத்தாறு வயதுக்காரனை யார் கூப்பிடுவார்கள்? கை விஷயம் வெளியே தெரியக் கூடாது. அவன் பிழைப்பு அந்த ஒரு ரகசியத்தின் மேல்தான் நின்றது.

மாசி மாசக் கடைசியில் அவன் வண்டி மக்கர் செய்தது. அது இருபத்தைந்து வருஷத்துப் பழைய நூறு சிசி வண்டி. அவனும் பாஞ்சாலியின் தம்பி தாமோதரனும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நிறத்தில் ஆளுக்கொன்று எடுத்தது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்ததில், சீட்டுக்கு அடியிலிருந்த ஏர் பாக்ஸை எலி கடித்துக் குதறியிருந்தது. அது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. எஞ்சின் மூச்சு அதன் வழியாகத்தான் உள்ளே போகும். பெட்டியின் மூலை போய், கார்ப்பரேட்டருக்கு வருகிற ரப்பர் குழாயும் கிழிந்து தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டே உத்திரமேரூருக்கு, ஐசக் மெக்கானிக்கிடம் போனான்.

ஐசக் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"எலி உள்ள குட்டி போட்டு பேரன் பேத்தி எடுத்துகீதுண்ணா. இந்த பாக்ஸு இனிமே எங்கியும் கிடைக்காது. கம்பெனிலயே இந்த வண்டிய நிறுத்தி இருவது வருசம் ஆவுது."

"ஒட்ட வெச்சி குடுப்பா."

"இன்னாத்த ஒட்டறது? பாக்ஸயே தூக்கிடலாம். கோன் பில்டர்னு வெளி மார்க்கெட் ஐட்டம் கீது, நேரா கார்ப்பரேட்டர்லயே மாட்டிடறேன். ரேஸ் ஓட்டற பசங்கல்லாம் இத்ததான் போடறானுங்க. வண்டி சும்மா அள்ளிகினு போவும்."

"நான் இன்னா ரேஸுக்கா போறேன்? மாட்டாண்ட போறவன்."

"மாட்டாண்ட சீக்கிரம் போ."

புனல் மாதிரி ஒரு சாமான், சிவப்பு வலையும் தலையில் பளபளக்கும் மூடியுமாக இருந்தது. ஐசக் அதைக் கார்ப்பரேட்டரின் வாயில் சொருகி கிளிப்பை முறுக்கினான். காற்று இனி தாராளமாக வரும், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் போகவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்று சொல்லி, பெட்ரோல் விடுகிற ஜெட்டையும் பெரிசாக மாற்றினான். பிறகு உதைத்தான். இத்தனை வருஷமாகப் பானைக்குள் உட்கார்ந்து யாரோ இருமுகிற மாதிரி 'தொப்பு தொப்பு' என்று ஓடிய வண்டி 'கொர்ர்ர்' என்று உறுமியது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் எக்கச்சக்கமா கீதே?"

"பாக்ஸுதாண்ணா சத்தத்த அமுக்கிகினு இருந்துச்சி. இப்பதான் வண்டி வாய தொறந்து பேசுது."

பாண்டுரங்கனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஏரிக்கரை மேட்டில் வண்டி முன்பு எப்போதும் போகாத வேகத்தில் ஏறியது.

மறுநாள் காலை முதல் கறவை மங்கம்மா வீட்டில். மங்கம்மாவுக்கு ஒரே மாடு. ஜெர்சிக் கலப்பு, சிவப்பு நிறம். கன்று பிறந்து இருபதாம் நாளே கழிச்சலில் செத்துவிட்டது. புருஷன் இல்லாத வீட்டில் அந்த மாட்டுப் பாலை வைத்துத்தான் சாப்பாடு. வண்டி வாசலில் வந்து உறுமி நின்றது. மாடு முளைக்குச்சியைப் பிடுங்குகிற மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது.

"இன்னாண்ணா, வண்டில பன்னி ஏத்திகினு வந்துகீறியா?" என்று சிரித்தாள் மங்கம்மா.

"புது பில்டர் போட்டுகீறேன். ஒரு மாரி பேசுது."

காலைக் கட்டினான், எண்ணெய் தடவினான், உட்கார்ந்தான். மடி கல்லாக இருந்தது. காம்பு வறண்டிருந்தது. தடவிக்கொடுத்தான், தட்டிக்கொடுத்தான். மாடு வாலால் முகத்தில் அடித்தது. அரை மணி நேரம் போராடி அரை லிட்டர் இறங்கியது. எப்போதும் நாலு லிட்டர் கறக்கிற மாடு அது.

"உடம்பு சரியில்லியோ?" என்றாள் மங்கம்மா.

"தீனி மாத்தினியா?"

"அதே தவுடு, அதே புண்ணாக்கு."

இரண்டாவது வீட்டிலும் இதே கதை. மூன்றாவது வீட்டு மாடு எட்டி உதைத்துச் சொம்பைக் கவிழ்த்தது. ஆறு வீட்டையும் முடிப்பதற்குள் சொசைட்டிக்குப் பால் எடுக்கிற வண்டி வந்து போய்விட்டது. ஒரு மாட்டுக்கு நோய் என்றால் சரி, ஆறு மாட்டுக்கும் ஒரே நாளிலா?

மாடுகள் ஆறும் சொல்லிவைத்த மாதிரி அடக்கினால், கோளாறு மாட்டில் இல்லை, தொடுகிற ஆளிடம்தான் என்று ஊர் சொல்லும். ஊர் அப்படித்தான் சொல்லியது. ஆனால் கை செத்துப்போனது என்று யாருக்கும் தோன்றவில்லை. கையில் கண்பட்டுவிட்டது என்றார்கள். மங்கம்மா தன் ஓரகத்தி சுதாவின் கண்தான் என்று அடித்துச் சொன்னாள்.

"போன வாரம் வந்தா. 'உன் மாட்டுக்கு கன்னுகூட வேணாம், கறவைக்காரன் கையே போதும்'னு வாயத் தொறந்து சொன்னாண்ணா. பாவி வாயில பட்டா பச்ச மரமே காயும்."

அவளே அவனை வாசலில் நிற்கவைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தும் கமறவில்லை என்று அவளுக்கு ஒரே பயம். பாண்டுரங்கனும் நம்பினான். மாட்டின் நெற்றியில் மையை வைத்தார்கள். அவன் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டான். யாரும் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. எஞ்சின் மூச்சுக்கும் மாட்டு மடிக்கும் என்ன சம்பந்தம்?

அந்த ஐந்து நாளும் அவன் பட்டது சொல்லி மாளாது. தானாக இறங்காத பாலைப் பிழிந்து இறக்கவேண்டும். பிழிவதற்கு விரல் இல்லை. கட்டைவிரலை மடக்கி முட்டியால் அழுத்தினான், முழங்கையிலிருந்து பலத்தை எடுத்து இழுத்தான். மணிக்கட்டு வீங்கியது. வீட்டில் பாஞ்சாலி வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினாள். அந்தச் சூடும் அவனுக்குத் தெரியவில்லை. பாலை முழுக்க எடுக்காமல் விட்டதில் ஒரு வீட்டு மாட்டுக்கு மடி நோய் வந்து, ஒரு காம்பில் சீழ் வடிந்தது. அந்த வீட்டுக்கார மணவாளன் மரியாதையான மனுஷன். சத்தம் போடவில்லை.

"பாண்டு, கொஞ்ச நாளைக்கு நீ வராதப்பா. மானாம்பதியாண்ட வேற ஆள சொல்லிகீறேன்."

"சரிங்க."

"உன் மேல தப்பு சொல்லல. உன் நேரம் சரியில்ல, அவ்ளோதான்."

ஆறாம் நாள் காலை. மங்கம்மா வீட்டில் மாட்டின் அடியில் உட்கார்ந்து, கால் லிட்டர்கூடத் தேறாமல், நெற்றியை அதன் வயிற்றில் சாய்த்துக்கொண்டிருந்தான். கடற்கரைப் பக்கத்திலிருந்து மூட்டையில் உப்புக் கட்டிக்கொண்டு வந்து ஊர் ஊராக விற்கிற ஒருவர் மாசத்துக்கொரு முறை அந்தத் தெருவில் வருவார். அவருடையதும் அதே பழைய வண்டிதான். தெருமுனையில் 'தொப்பு தொப்பு' என்று சத்தம் கேட்டது.

மாடு காதை நிமிர்த்தியது. அசைபோடுவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பியது. பாண்டுரங்கனின் நெற்றிக்கு அடியில் அதன் வயிறு தளர்ந்தது. அவன் குனிந்து பார்த்தான். பின்காம்பு ஒன்றில் ஒரு சொட்டுப் பால் கோத்து நின்று, சொம்பில் விழுந்தது. பிறகு இன்னொன்று. உப்பு வண்டி தெருவைக் கடந்து போகிறவரை விழுந்தது. சத்தம் தேய்ந்ததும் நின்றுவிட்டது.

மங்கம்மா உள்ளே இருந்தாள். அவள் பார்க்கவில்லை. பாண்டுரங்கன் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ராசி என்று ஊர் சொன்னது கையில் இல்லை. எந்தக் காலத்திலிருந்து இல்லையோ தெரியாது, ஒருவேளை எப்போதுமே இருந்ததில்லையோ என்னவோ. காலையும் மாலையும் அந்த வண்டிச் சத்தம் வரும், பின்னாலேயே ஓர் ஆள் வந்து மடிப் பாரத்தை இறக்குவான் என்று மாடுகள் பழகியிருந்தன. அவை சுரந்தது அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்கு. கண்பட்டது என்றால் கழிக்கலாம். இதை எங்கே போய்க் கழிப்பது?

நேரே ஐசக்கிடம் போனான். பழைய பாக்ஸ் எங்கே என்றான்.

"அத்த பிளாஸ்டிக் வாங்கறவன்கிட்ட அன்னிக்கே போட்டேனேண்ணா. ஏன், இது நல்லா போவலியா?"

"நல்லாத்தான் போவுது. எனக்கு அந்த சத்தம் வேணும்."

ஐசக் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஊரே சத்தம் வேணும்னு காசு குடுத்து போடுது. நீ ஒரு ஆளு சத்தம் போதாதுன்றியா, ஜாஸ்தின்றியா?"

"பழசு வேணும்ப்பா. அவ்ளோதான்."

ஐந்து லிட்டர் ஆயில் கேனை வெட்டி, பில்டரைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். வண்டி மூச்சு முட்டி நின்றதுதான் மிச்சம். அதே வண்டி இருந்தால் அதிலிருந்து கழற்றிக்கொண்டு வா, மாட்டித் தருகிறேன் என்றான் ஐசக்.

அதே வண்டி எங்கே இருக்கிறது என்று பாண்டுரங்கனுக்குத் தெரியும். ஐயங்கார்குளத்தில், மைத்துனன் தாமோதரன் வீட்டில். அங்கே அவன் கால் வைத்து ஆறு வருஷம். மகள் இளமதி கல்யாணத்தில் பெண்ணை மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துவரவேண்டிய தாய்மாமன் தாமோதரன்தான். வழியில் டயர் வெடித்து அவன் வரத் தாமதமானது. முகூர்த்தம் போகிறது என்று பாண்டுரங்கன் தன் பங்காளி ஒருவனை நிறுத்திச் சடங்கை நடத்திவிட்டான். சீர்த்தட்டோடு மூச்சிரைக்க மண்டபத்துக்குள் வந்த தாமோதரன், மேடையைப் பார்த்தான். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப்போனான். அன்றைக்கு அறுந்தது உறவு. பாஞ்சாலி நடுவில் நின்று எத்தனையோ தடவை அழுதாள். இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.

இப்போது பாண்டுரங்கன் உறுமிக்கொண்டே ஐயங்கார்குளம் போனான். தாமோதரன் வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு, மாமாவா? சத்தத்த கேட்டு எவனோ காலேஜ் பையன்னு நெனச்சேன்."

"உன் வண்டி கீதா, தாமோதரா?"

"கீது. கோயி அதுமேல ஏறி முட்ட வுட்டுகினு கீது. நான் ஸ்கூட்டர்ல போறேன்."

"அதுல ஏர் பாக்ஸு வேணும். என்னிது எலி கடிச்சிடுச்சி."

தாமோதரன் மல்லாட்டையைக் கீழே வைத்தான். "ஆறு வருசம் கழிச்சி வூட்டுக்கு வந்து, ஒக்காரக்கூட இல்ல, பொட்டி கேக்கறே. அன்னிக்கு தாய்மாமனுக்கு பதிலா ஒருத்தன நிறுத்தினியே மாமா, அதே மாரி இதுக்கும் வேற எத்தையாச்சும் நிறுத்திக்கறதுதான?"

"நிறுத்தித்தான் பாத்தேன்" என்றான் பாண்டுரங்கன். "மாடு ஒத்துக்கல."

தாமோதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு கோபத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குள் கூட்டிப்போய்க் கோழியை விரட்டி, ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். பாண்டுரங்கன் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றப் பார்த்தான். ஸ்க்ரூ டிரைவர் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

"கை இன்னா மாமா?"

"வண்டி ஓட்டிகினு வந்தது, மரத்துப்போச்சி."

தாமோதரன் அந்தக் குழிந்த கையைப் பார்த்தான். பிறகு அவனே உட்கார்ந்து கழற்றினான். பெட்டியைத் துடைத்து, ரப்பர் குழாயோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். "நாஷ்டா துன்னுட்டு போ" என்றான். பாண்டுரங்கன் நேரமாகிறது என்றான்.

ஐசக் பெட்டியை மாட்டினான். ஜெட்டையும் பழையதாக மாற்றினான். உதைத்ததும் 'தொப்பு தொப்பு' என்று பானைக்குள் இருமல் கேட்டது. பாண்டுரங்கன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டான். அதே சத்தம்தான். ராசி போனால் போகிறது, சத்தம் இருந்தால் போதும், யாருக்கும் தெரியாமல் இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தான்.

மறுநாள் காலை அவன் தெருமுனை திரும்பும்போதே மங்கம்மாவின் மாடு 'அம்மா' என்று ஒரு குரல் கொடுத்தது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடாத குறையாகப் போனான். மடி விம்மியிருந்தது. நாலு காம்பிலும் பால் வடிந்துகொண்டிருந்தது.

"கண்ணு கயிஞ்சிடுச்சிண்ணா!" என்று மங்கம்மா கையைத் தட்டினாள். "நான்தான் சொன்னேனே!"

அவன் சொம்பை முழங்காலுக்கு நடுவில் வைத்து, காம்பைப் பிடித்தான். பிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். கண்ணால் பார்த்தபோதுதான் விரல்கள் மூடவே இல்லை என்று தெரிந்தது. ஒரு வாரம் முட்டியாலும் மணிக்கட்டாலும் பிழிந்ததில், ஒப்புக்கு வைப்பதற்கென்று மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச வலுவும் தீர்ந்திருந்தது. மறுபடி வைத்தான். விரல் காம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு கையையும் சேர்த்து ஒரே காம்பைப் பிடித்தான். மற்ற மூன்றிலிருந்தும் பால் அவன் வேட்டியில் விழுந்தது, சாணித் தரையில் விழுந்து கோடு கோடாக ஓடியது. மாடு பொறுமையாக நின்றது. தரவேண்டியதை எல்லாம் தந்துகொண்டே நின்றது.

"ண்ணா, பாலு தரைல போவுது" என்றாள் மங்கம்மா.

அவன் மறுபடியும் காம்பைப் பிடிக்கப் பார்த்தான்.

"ண்ணா."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. "எய்ந்திரிண்ணா" என்றாள். அதட்டவில்லை. அவன் எழுந்தான். அவள் அவன் இடத்தில் உட்கார்ந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். சர்சர் என்று பால் பாயும் சத்தம் கேட்டது. மிச்சமிருந்ததில் மூன்று லிட்டர் தேறியது.

கறந்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எத்தினி நாளாண்ணா இப்டி?"

"மூணு வருசம்."

"அப்ப இத்தினி நாளு எப்டி கறந்தே?"

அவன் வாசலில் நின்ற வண்டியை மோவாயால் காட்டினான். பிறகு மெதுவாக, எலியிலிருந்து உப்புக்காரர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அந்த சுதாவ நான் போய் வாய்க்கு வந்தபடி ஏசிட்டு வந்தேனேண்ணா" என்றாள்.

பிறகு அவள் மனசுக்குத் தெரிந்த நல்லதைச் சொன்னாள். "ஒண்ணு பண்ணு. நீ தெனமும் வழக்கம்போல வா. வந்து வண்டிய நிறுத்து. அது சொரப்பு வுடட்டும், நான் கறந்துக்கறேன். உனுக்கு ஒரு சொம்பு பாலு ஊத்தறேன். நீயும் பொயச்ச மாரி இருக்கும், எனுக்கும் பேஜார் இல்ல."

வேண்டாம் என்று சொல்ல அவனிடம் என்ன இருந்தது? சரி என்றான்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த வீடுகளில் இரண்டு, கன்றோடு வேறு மாடு பிடித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டன. ஒரு வீட்டில் ஊசிக்குப் போய்விட்டார்கள். இன்னொரு வீட்டில் மட்டும் மங்கம்மா வீட்டு ஏற்பாட்டையே செய்துகொண்டார்கள். பாண்டுரங்கன் காலையும் மாலையும் போனான். வாசலில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு நிற்பான். உள்ளே வீட்டுக்காரி கறப்பாள். தெருவில் போகிற பிள்ளைகள், "மாட்டுக்கு பாட்டு போட வந்துட்டாருடா" என்பார்கள். அவனும் சிரிப்பான். அந்த இரண்டாவது வீட்டு மாடு சினை முற்றி, வைகாசியில் கறவை வற்றியது. அதன் பிறகு மங்கம்மா வீடு ஒன்றுதான்.

பாஞ்சாலி ஒரு நாள் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆபரேசன் பண்ணிக்கலாமா?" என்றாள். அவளிடம் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவன் மறுபடியும் காஞ்சிபுரம் போய்வந்தான். இனி செய்து பலன் இல்லை என்றார் டாக்டர். அதை அவன் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

ஆனி மாசத்தில் ஒரு காலை, பின்டயர் பஞ்சர். ஒட்டிக்கொண்டு மங்கம்மா வீட்டுக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மடியில் பால் கட்டி மாடு தவித்துக்கொண்டிருக்குமே என்று அவசரமாக வந்து வண்டியை நிறுத்தினான். மங்கம்மா வாசலில் சொம்பைக் கவிழ்த்து வைத்து, தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள். மாடு தாழியில் வாயை வைத்துக்கொண்டு நின்றது.

"கறந்தாச்சிண்ணா" என்றாள் முகமெல்லாம் சந்தோஷமாக. "உன்ன காணமேன்னு பயந்துகினே ஒக்காந்தேன். சொம்ப தரைல வெச்ச சத்தத்துக்கே வுட்டுடுச்சி. நாலு லிட்டரு! ஒரு வாரமாவே எனுக்கு சந்தேகம். நீ வர்றதுக்கு மிந்தியே காம்புல ஈரம் தெரிஞ்சிது."

"நல்லதாச்சிம்மா" என்றான் பாண்டுரங்கன்.

"இனிமே நீ அம்மாந்தூரம் பெட்ரோல் போட்டுகினு வரவேணாம் பாரு." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இருண்ணா, டீ வெக்கறேன்."

"வேணாம்மா. வெயில் ஏறுது."

"பாலாச்சும் வாங்கிகினு போ."

"நேத்து ஊத்தினதே வூட்ல கீது" என்றான். வீட்டில் பால் ஒன்றும் இல்லை.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். உதைக்கவில்லை. ஹேண்டில்பாரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தெருவில் தள்ளிக்கொண்டே நடந்தான். எதிரில் சைக்கிளில் வந்த மணவாளன் காலை ஊன்றி நிறுத்தினார்.

"இன்னா பாண்டு, பெட்ரோல் இல்லியா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு மேலே தள்ளிக்கொண்டு போனான்.